குட்டிச்சாத்தானுக்குக் கொடுத்த வேலைகள்

தம்போயில் எங்கள் வீட்டிலிருந்து சந்தைக்குப் போகும் வழியில் ஒரு பட்டறை இருக்கிறது. சின்ன டிராக்டர்கள் விற்கிறார்கள், பழுதும் பார்க்கிறார்கள். போன மாதம் நானும் என் மனைவி அஞ்சலையும் காய்கறிப் பையோடு திரும்பி வரும்போது, அங்கே வாசலில் ஒரு பெரிய மரப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே உழுகிற கொழு, புல் வெட்டுகிற கத்தி, மண் அணைக்கிற சிறகு, குப்பை வாருகிற பல்வரிசை எல்லாம் சிவப்புப் பெயின்ட் அடித்து, எண்ணெய்க் காகிதம் சுற்றி வந்திருந்தன. டிராக்டரின் பின்னால் மாட்டி இரண்டு போல்ட்டை முறுக்கினால் தீர்ந்தது.

பட்டறைக்காரருக்கு நான் பழைய தோட்டத்து ஃபிட்டர் என்று தெரியும். "ஐயா, உங்க காலத்துல இதெல்லாம் எந்தக் கடையில வாங்குனீங்க?" என்று கேட்டார்.

எனக்கு மூக்கு விடைத்துவிட்டது. "கடையா? நாங்கதான்யா கடை! ஒண்ணொண்ணும் இந்தக் கையால அடிச்சது" என்றேன்.

அஞ்சலை சும்மா இருப்பாளா? "எல்லாத்தையும் செஞ்சாரு தம்பி. குப்பை வார்றது மட்டும் இவருக்கு வரல" என்றாள். பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இந்தக் கேலியை அவள் எங்களுக்குக் கல்யாணமான புதிதிலிருந்து செய்கிறாள். நானும் இதுவரை பதில் சொன்னதில்லை. பட்டறைக்காரர்தான், "எழுதி வைங்க ஐயா, நாங்க படிக்கிறோம்" என்றார். எழுதுகிறேன். தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். பெருமைப்படுகிற மாதிரி வேலை செய்தவன் பெருமைப்படாமல் வேறு யார் படுவது?

மூவார் ஆற்றங்கரையில் ஒரு ரப்பர் தோட்டம். என் அப்பா அங்கே மாட்டுவண்டிச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டா போடுகிறவர். துருத்தி ஊதித்தான் நான் வளர்ந்தேன். அப்பாவுக்குப் பின் சம்மட்டி என் கைக்கு வந்தது. பிறகு ரப்பர் ஷீட் உருட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள மிசின் ஸ்டோரில் போட்டார்கள். அங்கேதான் சின்னத்தம்பி மாஸ்டரிடம் சிக்கினேன். கற்றுக்கொண்ட கதையெல்லாம் வேண்டாம். வாங்கிய திட்டு எழுதி மாளாது.

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்து இயந்திரங்கள் அத்தனைக்கும் அவர்தான் பொறுப்பு. வெள்ளைக் கோட்டு, கறுத்த தொப்பி, காலில் கண்ணாடி போல் துடைத்த கறுப்புச் சப்பாத்து. எங்கள் பட்டறையின் கரியிலும் எண்ணெயிலும் அந்தச் சப்பாத்தில் ஒரு பொட்டு அழுக்குப் படாமல் எப்படித்தான் நடந்தாரோ, எனக்கு இன்றுவரை புரியவில்லை. சேற்றைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவார். ஒரு நாளும் குரலை உயர்த்தமாட்டார். "என்ன காணும், உது ஆர் செய்தது?" என்று மெல்லக் கேட்பார். அந்தக் கேள்விக்கே நாங்கள் சுத்தியைக் கீழே வைத்துவிடுவோம்.

நன்றாயிருக்கிறது என்று அவர் வாயால் சொல்லிக் கேட்டவர் கிடையாது. செய்த பொருளை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கவேண்டும். சின்னச் சுத்தியால் ஒவ்வொரு இணைப்பையும் தட்டிக் காதுகொடுத்துக் கேட்பார். விளிம்பில் கட்டைவிரலை ஓட்டுவார். பிடித்தால், கோட்டுப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து ஓரத்தில் ஒரு சரிக்குறி போடுவார். பிடிக்காவிட்டால் சாக்பீஸ் வெளியே வராது, அவர் போய்விடுவார். எங்கே பிழை என்று நாமே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஒரு குறிக்காக நான் நாய்போல உழைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சம்பள நாளில்கூட எனக்கு அந்த மகிழ்ச்சி வந்ததில்லை.

இப்படி இருக்கும்போது எங்கள் துரை சிங்கப்பூரிலிருந்து ஓர் அதிசயத்தை வாங்கி வந்தார். ஆற்றில் தொங்காங் படகில் வந்து இறங்கியது. இரண்டு சக்கரம், நடுவே ஒற்றை சிலிண்டர் எஞ்சின், பின்னால் பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு கைப்பிடி. கயிற்றைச் சுற்றி இழுத்தால் தோட்டமே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். இதற்குத் தோட்ட டிராக்டர் என்று பெயராம். கன்றுகள் வளர்க்கும் நாற்றுமேட்டை உழத் தோதானது என்றார் துரை. கூட வந்தது ஒரே ஒரு சின்னக் கொழுதான்.

முதல் நாள் துரையே ஓட்டினார். நேராகப் போய், நிற்கத் தெரியாமல், துரையையும் இழுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கியது. அன்றைக்கே லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் அதற்குக் 'குட்டிச்சாத்தான்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வேலை கொடு, வேலை கொடு என்று நச்சரித்து, கொடுக்காவிட்டால் கூப்பிட்டவனையே தின்றுவிடும் குட்டிச்சாத்தான் கதை எல்லோருக்கும் தெரியுமே, அதைத்தான் சொன்னார்கள். பேர் வைத்தவர்களுக்கு வாயில் சனி இருந்திருக்கிறது. பின்னாளில் அது அப்படியே பலித்தது.

அதற்கு வேலை கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதலில் சக்கரம். ஆற்றோர மண் களி. வந்த சக்கரம் மெலிந்தது, அச்சுவரை புதையும். பழைய மாட்டுவண்டிப் பட்டாக்களைச் சூடேற்றி வளைத்து அகலமான சக்கரம் செய்தேன். மேலே குறுக்காக இரும்புக் கட்டைகள் அறைந்தேன். அப்புறம் களியில் வாத்துபோல நடந்தது. அடுத்தது ஷீட் உருட்டும் இயந்திரத்தில் விரிசல் விட்டுக் கழித்த வார்ப்பிரும்பு உருளை. விரிசலோடு உடைத்து, நல்ல பக்கத்துக்கு அச்சு கோத்துப் பின்னால் மாட்டினேன். துரை பந்தடிக்கும் புல்தரையை அதுதான் சமன் செய்தது. மிச்சத் துண்டைப் பட்டறை மூலையில் போட்டு வைத்தேன். பால் வாளிகள் ஏற்ற ஒரு தட்டு வண்டி, வரப்பு அணைக்க ஒரு சிறகு என்று வரிசையாக வந்தன. எல்லாவற்றிலும் மாஸ்டரின் சாக்பீஸ் குறி விழுந்தது. துரை ஏதாவது புதிதாகக் கேட்டால், "முடியும் துரை" என்பதுதான் என் வாயில் வரும் முதல் சொல். முடியாது என்ற சொல்லையே நான் அறியேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. அந்த நாட்களை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர்கள் ஒதுங்கி நிற்கவேண்டும். அவர்களுக்கு வேலை இல்லை என்று அர்த்தம். குடும்பத்தோடு கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிடுவார்கள். 'ஊருக்கு அனுப்புகிறோம்' என்பார்கள், ஏதோ திருவிழாவுக்கு அனுப்புகிற மாதிரி.

அப்போது எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். அஞ்சலை புல் வெட்டும் பெண்கள் கும்பலில் வேலை பார்த்தாள். அவள் பிறந்ததே அந்தத் தோட்டத்து லயத்தில். "எந்த ஊருக்குங்க அனுப்புவாங்க? எனக்கு ஊருன்னா இதுதானே? நாகப்பட்டினத்துல எறங்கி, யாரு வீட்டுக் கதவைத் தட்டுறது?" என்று கேட்டாள். நானும் அந்தக் கரையைப் பார்த்ததில்லை.

ஒரு காலையில் துரை பட்டறைக்கு வந்தார். நல்ல மனிதர், தமிழும் பேசுவார், ஆனால் துரைத் தமிழ். "வேலு, ஆத்தோரம் நிலம் எல்லாம் லாலாங். மேலே இருந்து பெரிய துரை பாக்க வருது. நிலம் சுத்தம் இல்லேன்னா, குட்டி மிசின் விக்கணும். மிசின் வித்தா ஒர்க்ஷாப் மூடணும். ஒர்க்ஷாப் மூடினா..." என்று கையால் ஆற்றின் பக்கம், கப்பல் போகும் திக்கைக் காட்டினார். அவர் முகமும் நன்றாயில்லை. வேலை கொடு, இல்லாவிட்டால் தின்றுவிடுவேன் என்று குட்டிச்சாத்தான் நிஜமாகவே கேட்டுவிட்டது.

லாலாங் என்பது கத்திபோல் ஓரமுள்ள புல். இடுப்புயரம் வளரும். ரப்பர் கன்றுகளை எழும்பவிடாது. நான் யோசித்தேன். பழுதான லாரியின் வில் பட்டைகளை எடுத்துத் தீட்டி, ஓர் அச்சில் வட்டமாகக் கோத்து, சுற்றிச் சுற்றி மண்ணுக்குள் வெட்டும் கத்தி உருளை செய்தேன். அப்பப்பா! என்ன வெட்டு! லாலாங்கை வேரோடு பொடிப்பொடியாக்கிக்கொண்டு போனது. மாஸ்டர் குறி போட்டார். துரை கை தட்டினார். நிலம் முழுக்கக் கறுப்பு மண். நான் மீசையை முறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மழை பெய்தது. அடுத்து நான் பார்த்தபோது ஆற்றோரம் முழுக்கப் பச்சைப் பாய் விரித்த மாதிரி இருந்தது. முன்பு அங்கங்கே திட்டுத்திட்டாய் இருந்த லாலாங் இப்போது விரல் வைக்க இடமில்லாமல் முளைத்திருந்தது.

வேறு பிரிவிலிருந்து அன்றுதான் அஞ்சலையின் கும்பலை அங்கே மாற்றியிருந்தார்கள். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அட ஆண்டவனே! லாலாங் வேரை யாராச்சும் வெட்டுவாங்களா? ஒரு கணு மண்ணுல கெடந்தாலும் அது ஒரு குடும்பம் வெச்சிருமே. ஒண்ணை நூறாக்கிட்டு வந்து மீசையை வேற முறுக்குனீங்க!" என்றாள்.

"முந்தியே சொல்றதுக்கு என்னாடி?"

"நீங்க எங்க கேட்டீங்க? இரும்பைப் பத்தித்தானே ராப்பகலாப் பேசுனீங்க. புல்லைப் பத்தி ஒரு வார்த்தை பேசுனீங்களா?"

அது உண்மைதான். மாஸ்டரும் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். குறி போட்டவர் அவர் அல்லவா? தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "பிள்ளை, நீங்கள் எப்படி எடுக்கிறனீங்கள்? ஒருக்கால் செய்து காட்டுங்கோ" என்றார்.

அவள் செய்து காட்டினாள். மண்வெட்டியைப் புல்லின் மேல் போடவில்லை. ஒரு சாண் தள்ளி, வேருக்கும் கீழே சரிவாக இறக்கினாள். வெட்டாமல், பிடியை அமுக்கி நெம்பினாள். மண் பிளந்து மேலே வந்ததும் வெள்ளை வெள்ளையாக நீண்ட வேரைப் பிடித்து, அறுந்துபோகாமல் உருவி, மண்ணை உதறி, கூடையில் போட்டாள். கூடையிலிருப்பதை அடிமரத்தின் மேல் வெயிலில் காயப்போட்டால்தான் அது சாகும் என்றாள். மாஸ்டர் ஒரு வேரை எடுத்து நுனியிலிருந்து அடிவரை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "வெட்டக் கூடாது காணும். கிளப்ப வேணும்" என்று மட்டும் சொன்னார்.

என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான வேலை அங்கே ஆரம்பித்தது. பெரிய துரை வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

வேண்டியது ஒரு முள்வரிசை. வளைந்த நீண்ட பற்கள் வேருக்குக் கீழே புகுந்து மண்ணோடு கிளப்பவேண்டும். லாரி வில் பட்டையிலேயே பற்களை அடித்தேன். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தியதும் கல்போல இறுகின. நிலத்தில் இறக்கினேன். முதல் வேர்முடிச்சிலேயே பல் கண்ணாடிபோல் உடைந்தது. மறுபடி செய்து, இறுக்கம் குறையும்படி திரும்பச் சூடேற்றினேன். இந்தத் தடவை உடையவில்லை, கொக்கிபோல் வளைந்துவிட்டது. மறுபடி உடைந்தது, மறுபடி வளைந்தது. எனக்கு அழுகையே வந்தது.

மாஸ்டர் வந்து நின்று பார்த்தார். "எங்கை நிண்டு நிறம் பாக்கிறீர்?" என்றார். வாசலில் என்றேன். வெளிச்சம் அங்கேதானே? "வெயில்லை பாத்தால் உம்மட கண்ணே உம்மை ஏமாத்திப்போடும். உள்ளுக்கை வாரும்" என்று சன்னல் பலகைகளைச் சாத்தச் சொன்னார். இறுகிய பல்லைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, நெருப்பில் மெல்லக் காட்டினோம். அந்த அரை இருட்டில் இரும்பு நிறம் மாறுவது தெளிவாகத் தெரிந்தது. முதலில் வைக்கோல் மஞ்சள். அப்புறம் பழுப்பு. அப்புறம் கத்தரிப்பூ. நான் எடுக்கப் போனேன். "பொறும்" என்றார். கத்தரிப்பூ தாண்டி மயில் கழுத்து நீலம் வந்ததும் "இப்ப" என்றார். எடுத்தேன். அந்தப் பல் வளைந்து கொடுத்து, விட்டதும் நிமிர்ந்து நின்றது. அன்று நான் பார்த்த நீலத்தைக் கண்ணை மூடினால் இப்போதும் பார்க்க முடியும்.

பல் நின்றது. ஆனால் இழுவை தாங்காமல் குட்டிச்சாத்தான் மூக்கைத் தூக்கிக்கொண்டு குதிரைபோல் எழும்பியது. மூலையில் கிடந்த வார்ப்பிரும்பு உருளையின் மிச்சத் துண்டு ஞாபகம் வந்தது. அதை மூக்கில் கட்டினேன், அடங்கியது. அடுத்து, கிளம்பிய வேரெல்லாம் பற்களில் சுற்றிக்கொண்டு, சற்று நேரத்தில் முள்வரிசை முழுவதும் ஒரே பந்தாகிவிடும். இதைச் சொல்லி வீட்டில் நான் புலம்பியபோது அஞ்சலை தலைவாரிக்கொண்டிருந்தாள். "சீப்புல முடி சிக்குனா சீப்பையா தூக்கிப் போடுவாங்க? உருவி விட வேணாமா?" என்றாள். மறுநாளே பற்களுக்கு நடுவே மேலும் கீழும் போய்வரும் ஒரு சட்டம் வைத்தேன். கைப்பிடியில் ஒரு நெம்புகோல். இழுத்தால் சட்டம் இறங்கி, வேரையெல்லாம் உருவிக் கீழே தள்ளிவிடும்.

கடைசியில் மாஸ்டர் ஒரு காரியம் செய்தார். முள்வரிசையை டிராக்டரோடு இணைக்க நான் நல்ல எஃகு ஆணி செய்திருந்தேன். அதை உருவி எறிந்துவிட்டு, ரப்பர் மரக்கட்டையில் செதுக்கிய ஆணியைப் போட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்வளவு இரும்பு அடிச்சது கட்டை ஆணியில மாட்டவா மாஸ்டர்? உடைஞ்சு போயிருமே!" என்றேன். "உடைய வேணும் காணும். உது உடையாட்டில் மற்றதெல்லாம் உடையும்" என்றார். சொல்லிவிட்டு முள்வரிசையின் ஓரத்தில் குறி போட்டார்.

வேலை முடிந்த உற்சாகத்தில் கை சும்மா இருக்கவில்லை. பட்டறையின் சிமெந்துத் தரையில் சாக்பீஸால் இன்னொன்றை வரைந்தேன். கிளப்பிப் போட்ட வேரைப் பின்னாலேயே வாரிச் சேர்க்கும் ஒரு நீண்ட பல்வரிசை. காலால் மிதித்தால் தூக்கிக்கொண்டு குவியலாகக் கொட்டிவிடும். யாரும் கேட்கவில்லை, தானாகத் தோன்றியது. மாஸ்டரிடம் நாளைக்குக் காட்டலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் பெரிய துரை வந்தார். ஆற்றோரத்தில் எங்கள் துரை, மாஸ்டர், கணக்கெழுதும் கிராணிமார், கூடையோடு வரிசையாக நிற்கும் பெண்கள் கும்பல். நான் கயிற்றை இழுத்தேன். குட்டிச்சாத்தான் ஒரே இழுப்பில் எழுந்தது. முள்வரிசை இறங்கியது. மண் பொங்கிப் பொங்கி எழ, வெள்ளை வேர்கள் மேலே வந்து விழுந்தன. நெம்புகோலை இழுத்தேன், சட்டம் உருவிப் போட்டது. பின்னாலேயே பெண்கள் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். நடுவழியில் 'டொக்' என்று ஒரு சத்தம். மண்ணுக்குள் புதைந்திருந்த அடிமரத்தில் பல் மாட்டிவிட்டது. கட்டை ஆணி இரண்டாக முறிந்து, முள்வரிசை அங்கேயே நிற்க, டிராக்டர் சேதமில்லாமல் முன்னே போய் நின்றது.

பெரிய துரை முகம் சுளித்து ஏதோ கேட்டார். மாஸ்டர் இங்கிலீஷில், "அது உடைவதற்காகவே செய்தது" என்று பதில் சொன்னார். நான் மடியிலிருந்து இன்னோர் ஆணியை எடுத்துத் தட்டினேன். ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை, வண்டி மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. எஃகு ஆணி போட்டிருந்தால் பல் போயிருக்கும், அச்சும் போயிருக்கும், என் மானமும் போயிருக்கும்.

பெரிய துரை குனிந்து மண்ணை அள்ளிக் கிளறிப் பார்த்தார். அறுந்த கணு ஒன்றும் அகப்படவில்லை. தலையை ஆட்டினார். எங்கள் துரை என்னிடம் வந்து, "ஒர்க்ஷாப் இருக்கும், வேலு. நீ இருக்கும்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அஞ்சலையைத் தேடினேன். வேர்க்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பெரிய துரை வரிசையாக நிற்கும் பெண்களைக் கையால் காட்டி எங்கள் துரையிடம் ஏதோ சொன்னார். துரை என் பக்கம் திரும்பினார். "பெரிய துரை கேக்குது. மிசின் வேர் எடுக்குது. மிசினே வாரிப் போடுமா? நீ அது செய்தா, இந்தப் பொம்பளை கும்பல் வேணாம். எல்லாம் ஊருக்கு அனுப்பலாம்."

அந்த வரிசையில் புருஷனை இழந்தவர்கள் இருந்தார்கள். கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள். எனக்கு அண்ணி முறையாகிறவள் இருந்தாள். அஞ்சலைக்குத் தாய்க்குத் தாயாக இருந்து வளர்த்த சின்னம்மா இருந்தாள். அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள். பட்டறைத் தரையில் அந்தப் பல்வரிசை முழுசாக வரைந்து கிடக்கிறது. ஒரு வாரம் கொடுத்தால் செய்துவிடுவேன். என் கைக்கு அது தெரியும்.

"முடியாது துரை" என்றேன்.

அந்தச் சொல்லைச் சொன்னபோது நாக்கு கசந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. துரை என்னை உற்றுப் பார்த்தார். "வேலு முடியாது சொல்லுது? நான் கேட்டதே இல்லே" என்றார். சந்தேகம் முகத்தில் தெரிந்தது. மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வேர் பின்னிக்கொள்ளும், நிலமும் மேடுபள்ளம், அது ஏலாத காரியம் என்று அமைதியாக இங்கிலீஷில் சொன்னார். துரை அப்போதும் நம்பாமல் தாடையைத் தடவினார்.

திடீரென்று அஞ்சலை கையைத் தட்டிச் சிரித்தாள். "ஐயே! இவ்வளவு பெரிய ஆளு, குப்பை வாரத் தெரியாதாம்! வீட்டுல ஒரு விளக்குமாத்தைத் தொட்டிருந்தா தானே தெரியும்!" பெண்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். தமிழ் புரிந்த எங்கள் துரையும் சிரித்துவிட்டார். அவர் பெரிய துரைக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்ல, அவரும் சிரித்துக்கொண்டே கையை வீசிவிட்டு நடந்தார். பேச்சு அதோடு போயிற்று. எனக்கு முகம் எரிந்தது. ஊருக்கு முன்னால் கட்டின பெண்டாட்டியே மானத்தை வாங்கிவிட்டாளே என்று மனதுக்குள் கறுவினேன்.

பட்டறைக்குத் திரும்பியதும் மாஸ்டர் நேராகத் தரையில் வரைந்திருந்த படத்தின் முன்னால் போய் நின்றார். பின்னால் கைகட்டி நெடுநேரம் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, சாக்பீஸை எடுத்து, மிதிக்கிற கட்டையின் வில்லை நான் போட்ட இடத்திலிருந்து பின்னால் தள்ளிப் போட்டார். அவர் போட்ட இடம்தான் சரி. எழுந்தார். படத்தின் ஓரத்தில் ஒரு குறி போட்டார். அதன் பிறகு, சேற்றுக்கே காட்டாத அந்தக் கறுப்புச் சப்பாத்தால் படம் முழுவதையும் மூலைக்கு மூலை தேய்த்து அழித்தார்.

அந்தக் கும்பலிலிருந்து ஒருவரைக்கூடக் கப்பலேற்றவில்லை. மழைக்குப் பின் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்ததை அவர்களே பொறுக்கினார்கள். அந்த நிலத்தில் வைத்த கன்று மரமாகி, பால் கொடுத்து, அந்தப் பெண்களின் பிள்ளைகளே அதைச் சீவினார்கள். நான் அப்புறம் பெரிய பெரிய இயந்திரங்களில் வேலை செய்து ஓய்வுபெற்றேன். என் கைவேலைகளில் எது சிறந்தது என்று கேட்டால், அந்த முள்வரிசை என்று சொல்லலாம். ஆனால் என் மனதில் நிற்பது மாஸ்டர் குறி போட்டும் செய்யப்படாத அந்த ஒன்றுதான். பட்டறைக்காரர் பிரித்த சிவப்புப் பல்வரிசையைக் குனிந்து பார்த்தேன். மிதி வில் மாஸ்டர் தள்ளிப்போட்ட அதே இடத்தில் இருந்தது.

இதையெல்லாம் எழுதி முடித்து நேற்று அஞ்சலைக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்து தெரியாது. பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். இத்தனை வருஷமாக மறைத்து வைத்ததைச் சொல்கிறோமே, அசந்துபோவாள் என்று பார்த்தால், அவள் நறுக்குவதை நிறுத்தவே இல்லை.

"முடிஞ்சிருச்சா?" என்றாள்.

"முடிஞ்சிருச்சு. உனக்கு ஆச்சரியமா இல்லையா?"

"இதுல என்னா ஆச்சரியம்? முந்தின நாளு உங்களுக்குச் சோறு கொண்டாந்தப்பவே தரையில பாத்தேனே. எனக்கு எழுத்துத்தான் தெரியாது, சீப்பு தெரியாதா? மறுநாளு சாயங்காலம் மாஸ்டரு சப்பாத்து வெள்ளையா இருந்துச்சு. அதையும்தான் பாத்தேன்."

கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தேன். "அப்ப தெரிஞ்சேதான் அன்னைக்கு என்னை அப்படிக் கேலி பண்ணுனியா?"

"பின்னே? நீங்க முடியாதுன்னீங்க, மாஸ்டரு முடியாதுன்னாரு. துரை நம்புனாரா? கட்டுன பொண்டாட்டி சிரிச்சப்பதானே நம்புனாரு" என்றாள். "அதுக்கப்புறமும் நான் சொல்லிக்கிட்டே இருக்கலைன்னா, எவனாச்சும் போயி வேலுவால முடியும்னு துரை காதுல ஓதியிருப்பான்."

"சரிடி, துரையும் போயிட்டாரு, தோட்டமும் போயிருச்சு. இப்ப எதுக்கு இன்னும் அந்தக் கேலி?"

அவள் நறுக்கின பயற்றங்காயைக் கூடையில் அள்ளிப் போட்டாள். கீழே சிதறிய காம்புகளைக் காட்டி, "அதை வாரிக் கொட்டுங்க பாப்போம்" என்றாள்.

வாரிக் கொட்டினேன்.